லாஸ்பேட்டையில் கடற்காற்று வீசவில்லை: புதிய ஃப்ளைட் சிமுலேட்டரை மாதக்கணக்கில் ஓட்டிய அனுபவம்

கோடை, ஆடிக்காற்று, ஐப்பசி மழை என்று மூன்று பருவத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்கும் இந்தப் புதிய ஃப்ளைட் சிமுலேட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைக் குறிப்பிடவில்லை. அதை உருவாக்கியவர்களோடு எனக்குச் சண்டை எதுவும் கிடையாது. பார்க்க அழகாகிக்கொண்டே வரும் இந்த வகை விளையாட்டு, பறப்பதைக் கைவிட்டுக்கொண்டே வருகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

என்னிடம் இருப்பது 8 ஜிபி வீடியோ மெமரி கொண்ட கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, நடுத்தர விலை ஜாய்ஸ்டிக், ரடர் (விமானத்தின் வால் துடுப்பு) பெடல், ஃபைபர் இணைப்பு. வீடு புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில், கடலுக்கு மிக அருகில். உப்புக்காற்று ஜாய்ஸ்டிக்கின் உள்பாகங்களைச் சீக்கிரம் அரித்துவிடும். நம் கரையோரத்தில் இருப்பவர்கள் ஓட்டி முடித்ததும் மூடி வைப்பது நல்லது.

எதிர்பார்ப்பு ஏன் அவ்வளவு இருந்தது என்றால், இது பல தலைமுறையாக வளர்ந்து வந்த கலை. புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் வெறும் கோடுகளால் உருவாக்கிய சிமுலேட்டரிலிருந்து கிளைத்து, 1982-இல் மைக்ரோசாஃப்டின் முதல் பதிப்பு வந்தது. நான் இதற்குள் வந்தது 2006-இன் எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) காலத்தில். அதில் புதுச்சேரி என்றால் பச்சைத் தரை, நீலக் கடல், நடுவே ஒரு ரன்வே, அவ்வளவுதான். ஆனாலும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மனம் நிறையும். 2009-இல் அதை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோ மூடப்பட்டபின் எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர்தான் எங்களைப் போன்றவர்களைத் தாங்கிப் பிடித்தது. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் மறுபடி வந்து, செயற்கைக்கோள் படத்தைத் தரை முழுக்க விரித்தபோது முதன்முறையாக மேலிருந்து என் தெருவைப் பார்த்தேன். இனி அந்தத் தெருவுக்கு மேல் வீசும் காற்றும் வரும், அந்தக் காற்றில் விமானம் ஆடுவதும் சரியாக வரும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் இந்தப் புதியதை வெளியான நாளிலேயே வாங்கினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் அற்புதம். விடிகாலையில் நம் விமான நிலையமான லாஸ்பேட்டையிலிருந்து கிழக்கே ஏறினால் வங்கக்கடலுக்கு மேல் செம்மை பரவுவதும், இறக்கையின் ஓரம் மட்டும் முதலில் ஒளிர்வதும் இதற்குமுன் எந்த சிமுலேட்டரிலும் நான் காணாதது. ஐப்பசியில் கடலிலிருந்து அடுக்கடுக்காக வரும் மழைமேகத்தை அப்படியே பிடித்திருக்கிறார்கள். காக்பிட்டில் ஒவ்வொரு சுவிட்சின் சத்தமும் தனித்தனியாகக் கேட்கிறது. இதில் உழைத்த ஓவியர்களுக்கு என் மரியாதை முழுமையாக உண்டு.

ஏமாற்றம் காற்றில் தொடங்கியது.

லாஸ்பேட்டை ரன்வே 07/25. திசைகாட்டியில் ஒரு முனையிலிருந்து ஓடினால் ஏறக்குறைய 70 டிகிரி, மறுமுனையிலிருந்து 250 டிகிரி என்பதைத்தான் இந்த எண்கள் குறிக்கின்றன. கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நீளம் சுமார் 1500 மீட்டர். ஏடிஆர் 72 போன்ற புரொப்பெல்லர் விமானத்துக்குப் போதும், பெரிய ஜெட்டுக்குப் போதாது. கோடையிலும் ஆடியிலும் நம் ஊரில் காலையில் காற்று மேற்கிலிருந்து வரும். உச்சிவெயிலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே நுழைந்து திசையே மாறிவிடும். விமானம் எதிர்க்காற்றில் இறங்குவதுதான் வழக்கம் என்பதால், காலையில் 25 பக்கமாக இறங்கிய விமானம் பிற்பகலில் 07 பக்கமாக இறங்க வேண்டியிருக்கும். இது சின்ன விஷயமில்லை. பின்னாலிருந்து வரும் காற்றின் ஒவ்வொரு 2 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்துக்கும் இறங்கும் தூரத்தில் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது செஸ்னா 172-இன் கையேடு. குட்டையான ரன்வேயில் அந்தக் கணக்குதான் ஓட்டுபவனுக்கு வேலை கொடுக்கும். இந்த விளையாட்டின் சுவையே அதில்தான் இருக்கிறது.

புதிய சிமுலேட்டரில் நேரலை வானிலையைப் போட்டால், ஆடி மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கும் லாஸ்பேட்டையில் மேற்குக் காற்றே வீசுகிறது. ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டைகள் மேற்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கின்றன. திரையில் திசை காட்டும் காற்றுக்கூண்டு கிழக்கே நீண்டு நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வைத்திக்குப்பத்தில் நெடுங்காலம் மீன்பிடித் தொழில் செய்தவர். திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மத்தியானம் தாண்டியும் கொண்டல் ஏறலன்னா அது நம்ம கரையே இல்ல தம்பி" என்றார். கிழக்கிலிருந்து வரும் காற்றைத்தான் கொண்டல் என்கிறார்.

காரணம் ஓரளவு புரிகிறது. இந்த சிமுலேட்டர்கள் பெரும்பாலும் உலகளாவிய வானிலை மாதிரிகளிலிருந்துதான் காற்றை எடுக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி தரும் தரவின் ஒரு கட்டம் 0.25 டிகிரி. நம் பக்கத்தில் அது ஏறக்குறைய 28 கிலோமீட்டர். புதுச்சேரியும் கடலூரும் அப்படியொரு கட்டத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். அவ்வளவு பெரிய சல்லடையில் கரையை ஒட்டிவரும் கடற்காற்று தப்பிப்போவதில் வியப்பில்லை. ஆனால் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வானிலை அறிக்கையான மெட்டார் அரை மணிக்கு ஒருமுறை வருகிறது. அதையாவது கலந்திருக்கலாம். நானே காற்றைக் கையால் அமைத்தால் கொஞ்ச நேரம் நிற்கிறது. வேறு ஏதாவது அமைப்பை மாற்றியதும் பழையபடி ஆகிவிடுகிறது. பழைய சிமுலேட்டர்களில் இது ஒரு சாதாரண மெனு.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வழக்கமாகப் போகும் பாதை ஒன்று உண்டு. 07-இல் ஏறிக் கடலைத் தொட்டு வலப்பக்கம் திரும்பினால் பீச் ரோடு. செஞ்சியிலிருந்து வந்த தூண்களுக்கு நடுவே காந்தி சிலை. 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். அப்புறம் தேங்காய்த்திட்டு முகத்துவாரம், சுண்ணாம்பாறு, தென்பெண்ணை, கெடிலம், தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர்த் துறைமுகம். அதற்கும் தெற்கே பரங்கிப்பேட்டை, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. திரும்பும்போது சிதம்பரத்து நான்கு கோபுரங்களையும் பார்த்துவிட்டு, வீராணம் ஏரியின் நீளத்தை அளந்து, நெய்வேலிச் சுரங்கத்தைத் தாண்டி வீடு வரலாம்.

ஆறுகள் சரியாக இருக்கின்றன. பிச்சாவரத்துக் கால்வாய்ப் பின்னல் அருமையாக இருக்கிறது. கட்டடங்கள் பக்கம் போனால் மனசு விட்டுப்போகிறது. கலங்கரை விளக்கம் இல்லை. காந்தி சிலை இருக்க வேண்டிய இடத்தில் கிடங்கு போல ஏதோ நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களும் ஓட்டுக் கூரைகளும் இருந்த இடத்தில் உலகின் எந்த ஊருக்கும் பொருந்தும் சாம்பல் நிற அடுக்குமாடிகள். அதைத் தமிழர் பகுதியிலிருந்து பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற வித்தியாசமே தெரியவில்லை. ஆரோவில்லின் மாத்ரி மந்திர், மேலிருந்து பார்ப்பவன் கண்ணில் முதலில் படும் பொன்னிறக் கோளம். அது தரையில் விழுந்த ஒரு வட்டப் படமாக மட்டும் இருக்கிறது. ஐரோப்பிய நகரங்களில் ஒவ்வொரு தேவாலயத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். சிதம்பரத்துக் கோபுரங்கள் நான்கும் தட்டையான கூரைகள்.

நெய்வேலியில் கண்டது இன்னும் விசித்திரம். திறந்தவெளிச் சுரங்கம் ஆண்டுக்கு ஆண்டு நகரும்; நிலக்கரி எடுத்த பள்ளத்தை மண் போட்டு நிரப்பிவிட்டு முன்னேறுவார்கள். சிமுலேட்டரில் சுரங்கத்தின் படம் ஓரிடத்தில், பள்ளம் வேறோரிடத்தில். பயிர் வயல்கள் குழிக்குள் சரிந்து கிடக்கின்றன, கரிய சுரங்கத் தரையோ சமவெளியாக இருக்கிறது. புகைப்படம் புதியது, மேடுபள்ளத் தரவு பழையது போலத் தெரிகிறது. உலகம் முழுக்க இலவசமாகப் பயன்படும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. அதற்குப்பின் சுரங்கம் எவ்வளவோ தூரம் போய்விட்டது.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். எஃப்எஸ்எக்ஸின் பச்சைத் தரையில் மகிழ்ந்தவன் நான். என்னால் பொறுக்க முடியாதது, விமானமே விமானமாக நடந்துகொள்ளாதது.

அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். பைலட் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. கமர்ஷியல் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் அவன் அப்பாவின் சேமிப்பைத் தின்னும். வீட்டில் ஓட்டுவது அந்தக் கணக்கில் சேராது என்றாலும், கைகால் பழகட்டும், தலை தெளியட்டும் என்று என் ரடர் பெடலில் உட்கார வைத்தேன். ஒருநாள் ஸ்டால் பற்றி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் விழத் தொடங்குவது பற்றிப் பேச்சு வந்தது.

"ஸ்டால்ல ஒரு பக்கம் விங் விழுந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் சாய்ச்சா எழுந்துடும் மாமா."

"யாரு சொன்னா?"

"கேம்ல எழுந்துடுதே மாமா."

அவனை எழுப்பிவிட்டு நானே செய்து பார்த்தேன். செஸ்னாவை உயரத்துக்குக் கொண்டுபோய், இறக்கையின் ஃப்ளாப் மடல்களை முழுக்க இறக்கி, பவரைக் குறைத்து, மூக்கைத் தூக்கிப் பிடித்தேன். எச்சரிக்கை ஒலி வந்தது. அதற்குப்பின் வர வேண்டிய நடுக்கம் வரவில்லை, மூக்கு சட்டென்று விழவில்லை. விமானம் மெதுவாகக் கீழே அமிழ்ந்தது. அந்த நிலையில் ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுக்கச் சாய்த்தால், நல்ல வேகத்தில் பறப்பதுபோல இறக்கை சமர்த்தாக எழுந்தது.

உண்மையில் நடப்பது வேறு. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறக்குறைய 15, 16 டிகிரியைத் தாண்டினால் தூக்குவிசை சரிகிறது. விழும் இறக்கையைத் தூக்க ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் சாய்த்தால் அந்த இறக்கையின் எய்லரான் (பின்விளிம்பில் அசையும் மடல்) கீழே இறங்கும். கோணம் இன்னும் கூடும். ஏற்கெனவே செயலிழந்த இறக்கை மேலும் செயலிழக்கும். அங்கிருந்து விமானம் சுழன்று விழத் தொடங்கலாம். முதலில் மூக்கை இறக்கிக் கோணத்தைக் குறைக்க வேண்டும், திரும்புவதை ரடரால் நிறுத்த வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். பெரிய விமானங்களில்கூட இதன் விலை என்ன என்பதை 2009 ஜூன் 1-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 காட்டியது. ஸ்டாலில் மாட்டி மூன்று நிமிடத்துக்கு மேல் விழுந்துகொண்டே இருந்தது. பெரும்பாலான நேரம் மூக்கு மேலே தூக்கியே பிடிக்கப்பட்டிருந்தது. 228 பேர் இறந்தார்கள்.

விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பார்கள். பெட்டியின் மேல் சிமுலேட்டர் என்று எழுதி விற்கிறார்கள், அதை நம்பி ஒரு பையன் கற்றுக்கொள்கிறான். எக்ஸ்-பிளேன் பல ஆண்டுகளாக இறக்கையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் விழும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. முடியாத காரியமில்லை இது.

தரையிலும் இதே கதை. பக்கவாட்டுக் காற்றில் ரன்வேயில் ஓடும்போது எண்ணெய் தடவிய தட்டில் வைத்த டம்ளர் போல வழுக்குகிறது. டயருக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே பிடிப்பே இல்லை. அப்டேட்டுக்கு அப்டேட் கொஞ்சம் மாறுகிறது, அடுத்த அப்டேட்டில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

சர்வர் தொல்லையும் சேர்ந்துகொண்டது. உலகம் முழுவதும் இணையம் வழியாக வந்து இறங்குவதால், இரவு எட்டு மணிக்கு மேல் தரை மங்கலாகவே நிற்கிறது. நல்ல மழையில் தெருவில் கேபிள் அறுந்தால் அன்றைக்குப் பறக்கவே முடியாது. 2011-இல் தானே, 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் என்று புயலுக்குப் பழகிய கரை இது. மின்சாரம் திரும்பிய பிறகும் இணையம் வரப் பல நாள் ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்கிய விமானம் நம் கம்ப்யூட்டரில் இல்லாமல் எங்கோ இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் 'கேரியர்' பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லைட் போட மறந்தால் மதிப்பெண் குறையும், மோசமாக இறங்கினால் குறையாது. கொஞ்ச நாளில் விட்டுவிட்டேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், அக்கா மகனுக்குப் பழைய எக்ஸ்-பிளேனை நிறுவிக் கொடுத்திருக்கிறேன். காலைக்கு ஒரு காற்று, பிற்பகலுக்கு ஒரு காற்று என்று அமைத்து வைத்திருக்கிறேன். முதல்முறை அதில் விமானம் சுழன்று விழுந்தபோது பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான். இப்போது ரடரால் பிடிக்கிறான். காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு ஃப்ளைட்கியர் இருக்கிறது. 1997 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இலவச மென்பொருள், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். புதியதை அழித்துவிடவில்லை. விடிகாலைப் பிச்சாவரத்துக்காக வைத்திருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பணம் திரும்பக் கிடைக்கும் கெடு குறுகியது. டவுன்லோடு, கண்ட்ரோல் அமைப்பது என்று அந்த நேரம் கரைந்துவிடும். அழகான ஊர்களுக்குப் போவதைத் தள்ளி வையுங்கள். முதலில் நீங்கள் நடந்து பழகிய ஊரின் மேல் பறந்து பாருங்கள், அடுத்து மேலே சொன்ன ஸ்டால் சோதனையைச் செய்து பாருங்கள். லாஸ்பேட்டைக் காற்று, நெய்வேலிப் பள்ளம், எய்லரான் மூன்றையும் படத்தோடு சிமுலேட்டரை உருவாக்கியவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பள்ளத்துக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது, பட்டியலில் சேர்த்திருக்கிறார்களாம். மற்ற இரண்டுக்காகவும் திரும்ப எழுதப் போகிறேன்.