வாரத்தில் மூன்று நாள் வைத்தியசாலையா, நாளுக்கு நான்கு முறை வீட்டிலா?

சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (பரிசோதனை அறிக்கையில் eGFR) 15-க்குக் கீழே இறங்கினால் டயாலிசிஸ் பற்றிய பேச்சு, அதாவது சிறுநீரகத்துக்குப் பதிலாக உடலின் கழிவையும் மிகை நீரையும் அகற்றும் சிகிச்சை பற்றிய பேச்சு, வந்துவிடும். அதில் இரண்டு வகை: இயந்திரத்தால் செய்யும் குருதிச் சுத்திகரிப்பு, வயிற்றறையில் திரவம் விட்டு வீட்டிலேயே செய்யும் வயிற்றுவழிச் சுத்திகரிப்பு. உடனே வீட்டார் கேட்பது, "எது நல்லது?" என்றுதான். நோயாளி எங்கே இருக்கிறார், உடன் யார் இருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள் என்பேன். இவ்விரண்டிலும் ஆயுட்காலம் பெரிதாக வேறுபடுவதில்லை. நாளாந்த வாழ்க்கைதான் முற்றிலும் வேறாகிவிடுகிறது.

குருதிச் சுத்திகரிப்பு என்றால் வழமையாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தருகே படுக்க வேண்டும். தாதியர் பார்த்துக்கொள்வார்கள், வீட்டில் எந்தக் கருவியும் வேண்டாம். யாழ்ப்பாண நகருக்கு அருகே கோண்டாவிலிலோ நல்லூரிலோ இருப்பவருக்கு, அதுவும் கண்பார்வை மங்கி, கை நடுங்கி, தனியாக வாழும் முதியவருக்கு, இதையே நான் சொல்வேன்.

நெடுந்தீவுக்காரருக்கு? குறிகட்டுவான் வரை படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ், பிறகு நான்கு மணி நேரச் சிகிச்சை, அந்தக் களைப்போடு கடைசிப் படகைப் பிடிக்கும் ஓட்டம். மாரியில் கடல் கொந்தளித்துப் படகு நின்றால், உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறிக்கொண்டே போகும். இப்படிப்பட்டவருக்கு வயிற்றுவழி முறை கிடைக்குமா என்று குடும்பம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அதில் வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் பொருத்துவார்கள். இரண்டு லீற்றர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே வடிப்பார்கள். நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். கையால் செய்யும் முறைக்கு மின்சாரம் தேவையில்லை. சிறுநீர் கழிக்கும் எஞ்சிய திறன் சற்று நீண்ட காலம் நிலைப்பதும் இதன் நன்மை.

ஆனால் கணக்கைப் பாருங்கள்: நாளுக்கு நான்கு பை என்றால் மாதத்துக்கு 120 பை, 240 லீற்றர். அதைப் படகில் ஏற்றி, வெயில் படாத இடத்தில் அடுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவி, முகக்கவசம் அணிந்தே குழாயைத் தொட வேண்டும். வடியும் திரவம் கலங்கினாலோ வயிறு வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வயிற்றறைத் தொற்று காத்திருக்காது. கீரிமலைக் கேணியில் மூழ்கிக் குளிப்பதும் கூடாது. ஆடி அமாவாசைக்குத் தவறாமல் போகிறவருக்கு இது சிறிய இழப்பல்ல, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் வித்தியாசம் பெரிது. குருதிச் சுத்திகரிப்பில் இடைப்பட்ட நாட்களில் பொட்டாசியம் தேங்குவதால் இளநீர், வாழைப்பழம், முருங்கையிலை எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. ஒடியல் கூழ் ஒரு கிண்ணம் குடித்தாலும் அது நாளுக்குக் குடிக்க அனுமதித்த நீரின் கணக்கில் சேரும், உப்பு வேறு. வயிற்றுவழியில் தினமும் சுத்திகரிப்பு நடப்பதால் பொதுவாகக் கெடுபிடி குறைவு. ஆனால் புரதம் திரவத்தோடு வெளியேறுவதால் மீனும் முட்டையும் கூட்ட வேண்டியிருக்கும். திரவத்தில் உள்ள குளுக்கோஸ் உடலில் சேரும்; சலரோகக்காரர் மருந்தளவைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பொருத்தமானவருக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை இவ்விரண்டையும் விட மேல். அதற்கும் முன்னதாகவே பேச வேண்டும்.

அவசரத்தில் வருகிறவருக்குப் பெரும்பாலும் தெரிவே இல்லை, கழுத்தில் தற்காலிகக் குழாய்தான். சலரோகமும் உயர் குருதி அமுக்கமும் உள்ளவர்கள் ஆண்டுதோறும் குருதியில் கிரியேட்டினின் என்ற கழிவையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் பார்த்தால் ஆயத்தத்துக்கு அவகாசம் கிடைக்கும். குருதிச் சுத்திகரிப்புக்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்தால், இயந்திரத்தின் ஊசி போடும் அளவுக்கு அது பக்குவப்பட ஆறு வாரமாவது, பலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதனால் வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே வந்ததுமே, அந்த இணைப்புக்குரிய நாளங்கள் கெடாமலிருக்க, எழுதாத கையில் ஊசி குத்த வேண்டாம் என்று குருதி எடுக்க வருபவரிடம் சொல்லிவிடுங்கள்.