துணியை மாற்றுவதா, ரப்பரை மாற்றுவதா?

புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. மாடியில், கோலால் பந்தைத் தட்டிக் குழியில் தள்ளி ஆடும் பழைய பூல் (pool) மேசை ஒன்று இருக்கிறது. அதில் பந்து ஓடுவேனா என்றது. "மேல விரிச்ச துணிய மாத்தலாமாண்ணே, ஓரத்து ரப்பர மாத்தலாமா?" என்று தம்பி கேட்டான்.

துணி மாற்றினால் பலன் அன்றைக்கே தெரியும். கம்பளித் துணியில் இரண்டு ரகம். ரோமம் எழும்பிய ரகம், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பந்தை இழுத்துப் பிடிக்கும். நெருக்கி நெய்த வொர்ஸ்டெட் வழவழப்பானது, வேகமானது, விலை கூடுதல். ஆனால் பந்து உரசி வெள்ளைத் தடம் அதில் சீக்கிரம் விழும். விழுந்தால் விழட்டும், கடலோர வீட்டுக்கு அதுதான் சரி.

ஆனால் ஓரத்து ரப்பர் இறுகிவிட்டால் எந்தத் துணியும் காப்பாற்றாது. மேசையின் நீளவாக்கில் பலமாக ஒரு அடி அடித்துப் பாருங்கள். நல்ல மேசையில் பந்து நாலு நீளமாவது ஓடும். எங்களுடையது இரண்டரையிலேயே நின்றது. மோதும்போது கட்டையில் பட்டதுபோல 'டொக்'கென்ற சத்தம். ஒரு ஓரத்துத் துணியைப் பிரித்தேன். நகம் வைத்து அழுத்தினால் ரப்பர் அமுங்கவில்லை, பொடியாக உதிர்ந்தது.

புது ரப்பர் வாங்கும்போது அளவில் ஏமாறக்கூடாது. அதன் முனை பந்து உயரத்தில் ஏறக்குறைய 63.5 சதவீதத்தில் நிற்க வேண்டும், 57 மி.மீ. பந்துக்குச் சுமார் 36 மி.மீ. இல்லையென்றால் பந்து துள்ளும்.

கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால், என் ஓட்டு ரப்பருக்கு. ஓரக்கட்டைகளைக் கழற்றியபோதே துணிக்கு அடியில் உள்ள கற்பலகைக்கு ரசமட்டம் வைத்துப் பார்த்து, இணைப்புகளில் தேன்மெழுகை உருக்கி ஊற்றினோம். புதுத் துணியைத் தை மாதம் போடலாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.