ஏற்காட்டு மலைக் கிராமங்கள்: காப்பியா, மிளகா, சுற்றுலாவா?

ஏற்காடு ஒன்றியத்தில் 67 மலைக் கிராமங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். சொந்தத் துண்டு நிலமானாலும் எஸ்டேட் கூலியானாலும் கைக்காசு காப்பியிலிருந்துதான் வரவேண்டும். வேறு வழி என்ன என்று சேலத்தில் யாரைக் கேட்டாலும் ‘சுற்றுலா’ என்பார்கள். மலைப் பள்ளியொன்றில் சில ஆண்டுகள் பாடம் நடத்திய நான் எந்த வழியையும் ஜூன் மாதத்தை வைத்தே எடை போடுகிறேன். பள்ளி திறக்கும் வாரத்தில் அந்த வழியை நம்பிய வீட்டில் பணம் இருக்குமா?

காப்பியை மட்டும் நம்பினால் பெரும்பாலும் இருக்காது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி அது. பழம் பறிப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச், ஏப்ரலில் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை தவறினால் அடுத்த பறிப்பும் போயிற்று. வெயில் கூடிய தோட்டத்தில் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு புகுந்தால் செடியே போயிற்று. புதுச் செடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். விலையோ நியூயார்க் சந்தையின் கையில். எந்த நாடு எவ்வளவு காப்பி ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்து விலையைத் தாங்கிய உலக நாடுகளின் ஒதுக்கீட்டு ஒப்பந்தம் 1989-இல் முறிந்தது. காபி வாரியமே வாங்கி விற்ற முறையும் 1996-க்குள் முடிவுக்கு வந்தது. 2001 வாக்கில் விலை அதலபாதாளத்துக்குப் போனது. 2025 பிப்ரவரியில் அராபிகா வகைக் காப்பி ஒரு பவுண்டு எடைக்கு நான்கு டாலரைத் தாண்டியது. இந்த ஏற்றம் சிறு விவசாயிக்கு முழுதாக வந்து சேருவதில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கு அவர் பழமாகவே அளந்துவிடுகிறார்.

காப்பியை விடச் சொல்லவில்லை, பழமாக விற்பதைத்தான் விடச் சொல்கிறேன். ஐந்தாறு கிலோ பழத்தில் ஒரு கிலோ காப்பிக்கொட்டை தேறும். பறித்த அன்றே தோலுரித்து, ஊறவைத்து அலசி, களத்தில் காயவைத்தால் அது பார்ச்மென்ட், அதாவது உள்ளுறை நீக்காத காய்ந்த கொட்டை. அந்த நிலையில் சில மாதங்கள் வைத்திருந்து விலை பார்த்து விற்கலாம். ஒரு வீடு தனியாக இதைச் செய்வது கடினம். தோலுரிக்கும் இயந்திரமும் சிமென்ட் களமும் பத்து வீட்டுக்குப் பொதுவாக இருந்தால் முடியும்.

மிளகு இதைவிட ஒரு படி மேல் என்பது என் முடிவு. தனி நிலம் கேட்காது. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கிலும் கல்யாண முருங்கையிலும் கொடியை ஏற்றிவிடலாம். ஜனவரி முதல் மார்ச் வரை பறித்து நன்றாகக் காயவைத்த மிளகு ஆண்டுக் கணக்கில் கெடாது. மூட்டையிலிருந்து பத்து கிலோ எடுத்து ஜூனில் விற்றால் புத்தகப் பையும் பஸ் கட்டணமும் ஆயிற்று. வங்கி எட்டாத ஊரில் இதுதான் சேமிப்புக் கணக்கு. கொடி இருக்கும்வரை மரத்தை வெட்ட மனம் வராது என்பது இன்னொரு லாபம். குறையும் உண்டு. மழைக்காலத்தில் வேரில் தண்ணீர் நின்றால் வாடல் நோய் வந்து கொடி சில வாரங்களில் கருகிவிடும். வியட்நாம், இலங்கை மிளகு இறங்கினால் விலையும் சரியும். ஆனால் காப்பியும் மிளகும் சேர்ந்து இருந்தால், ஒன்று விழும் ஆண்டில் மற்றொன்று தாங்க வாய்ப்பு உண்டு. காப்பியைப் பிடுங்கிவிட்டு மிளகை மட்டும் வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஏற்காட்டு ஆரஞ்சு ஒரு காலத்தில் பேர்போனது; நோய் வந்து அந்தத் தோட்டங்கள் அழிந்ததைப் பார்த்த மலை இது.

சில்வர் ஓக்கை மரத்துக்காக விற்பது ஒருமுறைப் பணம். பாக்சைட்டும் அப்படித்தான்: மலையை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள், 2008 வாக்கில் நின்றது, வேலையும் நின்றது.

சுற்றுலா மே மாதக் கோடை விழாவில் உச்சத்துக்குப் போவதால் ஜூனுக்குச் சரியாகப் பொருந்துவதுபோலத் தெரியும். பணம் யாரிடம் போகிறது என்று பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் ஏரி, பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று சுற்றிவிட்டு இறங்குகிறார்கள். உள்கிராமத்துக்குக் கிடைப்பது அறை துடைக்கும் வேலையும் கடைக்கூலியும். அதே மே மாதத்தில் குடிநீருக்குக் குடத்தோடு நிற்பதும் கிராமத்துப் பெண்கள்தான். விடுதிக்காக நிலத்தை விற்ற குடும்பம் தன் மண்ணிலேயே காவலாளியாகிறது.

இவை எதுவும் அமையாதவர்கள் மிளகு பறிக்கக் கேரளாவுக்கும் காப்பி பறிக்கக் குடகுக்கும் போகிறார்கள். கூலி கிடைக்கிறது. ஆனால் பிள்ளைகளையும் கூட்டிப்போவதால் ஜூன் வரை காத்திருக்கத் தேவையில்லாமல் ஜனவரியிலேயே வகுப்பில் பெஞ்ச் காலியாகிவிடுகிறது.

மிளகுக் கொடி ஏற்ற ஒரு மரம்கூடச் சொந்தமில்லாத எஸ்டேட் தொழிலாளிகளுக்கு நான் மேலே சொன்னது உதவாது. அவர்களைப் பொறுத்தவரை, குடகுக்குப் போவதைவிட ஏற்காட்டு விடுதியில் ஆண்டு முழுவதும் உறுதியான சம்பளம் கிடைக்குமானால் அந்த வேலையையே சொல்வேன். பிள்ளை இரவில் வீட்டில் தூங்கும், காலையில் பள்ளிக்கு வரும்.