ஜிஎல்பிஐ: தோட்டக் கந்தோரின் கணினிச் செலவு எங்கே போகிறது என்று காட்டும் மென்பொருள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டக் கம்பனிகளில் கணினிச் செலவு மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். கம்ப்யூட்டர் வாங்கிய இன்வொய்ஸ் கொழும்புத் தலைமைக் கந்தோரில் இருக்கும். டோனரும் யூபிஎஸ் பெட்டரியும் தோட்டத்துச் சில்லறைக் காசில் போயிருக்கும். இணையக் கட்டணம் தொலைபேசிச் செலவோடு கலந்திருக்கும். ஐடிக்கு இந்த வருடம் எவ்வளவு போனது என்று மேலிடம் கேட்டால், உருப்படியான விடை யாரிடமும் இராது. ஜிஎல்பிஐ இந்த மூன்றையும் ஒரே ஏட்டுக்குக் கொண்டுவருகிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் பட்ஜெட்டைக் கட்டுப்படுத்தித் தரும் என்று நம்பி நிறுவினால் ஏமாற்றந்தான்.

பிரான்ஸில் பிறந்த திறந்த மூல மென்பொருள் இது. டெக்லிப் என்ற நிறுவனம் பராமரிக்கிறது. சொந்தச் சேர்வரில் போட்டுக்கொண்டால் உரிமக் கட்டணம் இல்லை. 2022இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து கணினிகளைத் தானாகப் பதிவு செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. 11ஆம் பதிப்புக்கு, சேர்வரில் அதை ஓட்டும் பிஎச்பி மொழியின் 8.2 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும். சில நூறு கணினிகளுக்கு 4 ஜிபி ரேம் உள்ள சிறிய லினக்ஸ் சேர்வர் தாராளம். நிறுவியவுடன் செய்ய வேண்டியது ஒன்று: அதனோடு வரும் நான்கு இயல்புப் பயனர் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், அல்லது கணக்குகளையே மூடுங்கள். அந்தப் பெயர்களும் கடவுச்சொற்களும் உலகத்துக்கே தெரிந்தவை.

தோட்டக் கட்டமைப்புக்கு இதன் 'என்டிட்டி' முறை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. கம்பனி, அதன் கீழ் தோட்டம், அதன் கீழ் பெக்டரியும் டிவிசன் கந்தோர்களும் என்று மரமாக அமைக்கலாம். தோட்டத்துக் கிளாக்கர் தன் தோட்டத்தை மட்டும் பார்ப்பார். தலைமைக் கந்தோர் எல்லாவற்றையும் பார்க்கும்.

இதன் உயிர்நாடி, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள 'மெனேஜ்மென்ட்' பக்கம். வழங்குநர், இன்வொய்ஸ் இலக்கம், வாங்கிய திகதி, விலை, வொரன்டி மாதங்கள், பெறுமானத் தேய்வு, எந்த பட்ஜெட் என எல்லாம் அங்கே உண்டு. பலர் கணினிகளைத் தானாகப் பதியவிட்டு, இந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பிறகு அறிக்கையில் எதுவுமில்லை என்று குறை சொல்கிறார்கள். பொருள் கையில் கிடைத்த அன்றே, இன்வொய்ஸின் படத்தையும் சேர்த்து இதை நிரப்புவதைக் கொள்வனவு நடைமுறையின் ஒரு படியாக ஆக்கிவிடுங்கள். விலைக் கட்டம் வெறும் எண்தான். பெறுமதி சேர் வரியோடு போடுவதா இல்லாமல் போடுவதா என்று முதலிலேயே முடிவெடுங்கள். கம்பனியால் வரியை மீளப் பெற முடியுமென்றால் வரியில்லாத விலை, முடியாவிட்டால் வரியோடு. 2024 ஜனவரியில் அந்த வரி 15இலிருந்து 18 சதவீதமானது. இரண்டையும் கலந்து போட்ட ஏட்டில் வருடங்களை ஒப்பிடவே முடியாது.

வொரன்டி முடியும் முன் மின்னஞ்சலில் எச்சரிக்கை வரவேண்டும். பல இடங்களில் வருவதில்லை. வொரன்டி தொடங்கும் திகதியைப் போடாமல் மாதங்களை மட்டும் போட்டிருப்பார்கள், அல்லது என்டிட்டி அமைப்பில் அந்த எச்சரிக்கையை இயக்கியிருக்க மாட்டார்கள். இன்னொரு காரணம், வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக இயக்கும் லினக்ஸின் கிரொன் ஓடாதது. கிரொன் இல்லாவிட்டால் யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் தானியங்கி வேலைகள் நடக்கும். நீண்ட விடுமுறையில் யாரும் திறக்காவிட்டால் எச்சரிக்கையும் இல்லை.

திருத்த வேலைகளுக்கு டிக்கெட் (வேலைப் பதிவு) போடும்போது மூன்று வகைச் செலவு பதியலாம்: நேரம், நிலையான செலவு, பொருள். ஒரு உதாரணக் கணக்கு. பெக்டரிக் கந்தோருக்கு 75,000 ரூபாவுக்கு ஒரு லேசர் பிரின்டர். இரண்டு வருடத்தில் டோனரைத் தாளில் ஒட்டவைக்கும் பியூசரை மாற்ற 22,000, இடியில் போன நெட்வேர்க் போர்டுக்கு 18,000, டெக்னீஷியன் நான்கு தடவை வந்துபோக 14,000. மொத்தம் 1,29,000 ரூபா. வாங்கிய திகதியிலிருந்து கணக்கிட்டு, மாதத்துக்கு 5,375 என்று ஜிஎல்பிஐ காட்டும். வாங்கிய விலையை மட்டும் பார்த்தால் 3,125தான். "இன்னும் ஓடுதே, ஏன் மாத்தணும்?" என்று கேட்பவருக்குக் காட்ட வேண்டிய எண் இதுதான். டிக்கெட்டோடு அந்தக் கருவியை இணைத்திருந்தால் மட்டுமே இது சேரும். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். டோனரைத் தனிப் பகுதியில் பதிந்தால் பிரின்டரின் இந்தக் கணக்கில் அது வராது. வரவேண்டுமென்றால் டிக்கெட்டில் பொருள் செலவாகப் போடுங்கள், இரண்டு இடத்திலும் போடாதீர்கள்.

மலைநாட்டில் இந்த டிக்கெட் செலவுகளை மாதவாரியாகப் பிரித்துப் பார்ப்பது மிகவும் பயன்தரும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் ரவுட்டர், சுவிட்ச், பவர் சப்ளை செலவு ஏறும். அது இடிமழைக் காலம். இரண்டு வருடப் பதிவு கையிலிருந்தால், பெக்டரிக்கும் கந்தோருக்கும் இடையே வெளியில் ஓடும் செம்புக் கேபிளை எடுத்துவிட்டு பைபர் போடவும், எர்த்தைச் சரிசெய்யவும் பணம் கேட்பது இலகு. இடி விழும்போது அந்தச் செம்புக் கம்பிதான் மின்னெழுச்சியை ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்குக் கடத்துகிறது.

பட்ஜெட் பகுதி பலவீனமானது. தொகை, தொடக்கம், முடிவு என்று ஒரு பட்ஜெட் உருவாக்கலாம். கருவிகள், ஒப்பந்தங்கள், டிக்கெட்டுகள் என்று அதில் சேர்த்த செலவுகளை என்டிட்டிவாரியாகக் கூட்டி மீதியைக் காட்டும். தாண்டினால் மீதி மைனஸில் போகும், அவ்வளவே. தடுப்பு இல்லை. ஒரு கருவியின் விலையை இரண்டு பட்ஜெட்டுகளுக்குப் பிரிக்கவும் முடியாது. பல வருட ஒப்பந்தம் என்றால், அதன் செலவுப் பக்கத்தில் வருடத்துக்கொரு பதிவு போட்டு ஒவ்வொன்றையும் அந்தந்த வருட பட்ஜெட்டோடு இணைக்க வேண்டும். முழுத் தொகையையும் முதல் வருடத்தில் போட்டால் அந்த வருடம் வீங்கும், அடுத்த வருடங்கள் மெலியும்.

நாணய மாற்றும் இல்லை. 2022 மார்ச்சுக்குப் பின் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டிய நாட்டில் இது சிறிய குறையல்ல. டொலரில் கட்டும் மின்னஞ்சல், கிளவுட் சந்தாக்களுக்கு, செலுத்திய நாளின் ரூபாத் தொகையைப் பதிந்து, டொலர் தொகையைக் குறிப்பில் எழுதுங்கள். அடுத்த வருட மதிப்பீட்டை எக்ஸலில், இரண்டு மூன்று மாற்று விகிதங்களுக்குத் தனித்தனியாகப் போடுவதே நல்லது.

கணினியின் விவரங்களைச் சேகரித்து ஜிஎல்பிஐக்கு அனுப்ப, கணினிகளில் போடும் சிறு மென்பொருளான ஏஜென்ட் அனுப்பும் தரவு சிறியது. தொலைவு டிவிசனின் மெதுவான இணைப்புக்கும் அது தாங்கும். இணைப்பே இல்லாத இடத்தில் பதிவைக் கோப்பாக எடுத்து, பென் டிரைவில் கொண்டுவந்து உள்ளிடலாம். கடையில் பொருத்திய கணினிகள் பலவற்றில் ஏஜென்ட் வாசிக்கக்கூடிய கணினித் தொடர் இலக்கம் இராது. அவற்றுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, அந்த எண்ணை 'இன்வென்டரி நம்பர்' கட்டத்தில் போடுங்கள். யூபிஎஸ்களைக் கையாலேயே சேர்த்துவிடுங்கள். தேயிலைத் தூசு மின்விசிறிகளை அடைப்பதால் பெக்டரிக் கந்தோர் யூபிஎஸ்களுக்குத் துப்புரவு டிக்கெட்டும் வேண்டும்.

வருடச் செலவைத் தோட்டவாரியாக ஏற்றுமதி செய்து, தயாரித்த தேயிலையின் கிலோவால் வகுத்துக் காட்டுங்கள். 12 இலட்சம் ரூபா செலவு, 4 இலட்சம் கிலோ தேயிலை என்றால் கிலோவுக்கு 3 ரூபா. தோட்டத்துரைக்கும் பணிப்பாளருக்கும் அந்த மொழிதான் விளங்கும். சம்பள நாளுக்கு முன் செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவு) கணினி நின்ற மணித்தியாலங்களையும் டிக்கெட் வகையாகப் பிரித்து அதன் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு தோட்டம், பத்துக் கணினி என்றால் இது தேவையில்லை, எக்ஸல் போதும். நான்கைந்து தோட்டங்களுக்கு மேல் உள்ளவர்கள் போடலாம். பேக்கப் எடுக்கும்போது தரவுத்தளம் மட்டும் போதாது. இன்வொய்ஸ் படங்கள் உள்ள கோப்புறையும், கொன்பிக் கோப்புறையில் இருக்கும் குறியாக்கச் சாவியும் சேர்ந்து வரவேண்டும். சாவி தொலைந்தால் உள்ளே சேமித்த மின்னஞ்சல் கடவுச்சொற்களைத் திரும்ப வாசிக்க முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைச்சரிவுகள் கட்டடங்களையே கொண்டுபோன பிரதேசம் இது. ஒரு பிரதி கட்டாயம் மலைக்கு வெளியே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கொரு தடவை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள்.