குட்டி யானைக்கு டயர் எடுக்கப் போகிறீர்களா, முதலில் தேதியைப் பாருங்கள்

களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருக்கிறேன், பெரும்பாலும் ஏத்தன். தார் வெட்டினால் குட்டி யானையில் (டாடா ஏஸ் வண்டி) ஏற்றி ஏர்வாடி, வள்ளியூர், காவல்கிணறு வழியாக நாகர்கோவில், வாரத்துக்கு மூன்று நடை. மற்ற நாளில் உரமூட்டை, சாணி, வாழைக்கன்று என்று வயல் பாதையிலேயே கிடக்கும். நான்கு டயரையும் மாற்றி 14 மாதம், 21,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது, அதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2023 கடைசியில் வேறொரு ஊரில் ஒரு கடையில் டயருக்கு 400 ரூபாய் குறைவு என்றார்கள், பட்டன், அதாவது ரோட்டில் படும் மேல்ரப்பர், பளபளவென்று இருந்தது, இரண்டு எடுத்துப் பின்னால் போட்டேன். அடுத்த மே மாதம் மத்தியான வெயிலில், தார் லோடோடு வள்ளியூர் தாண்டிப் போகும்போது இடது பின்சக்கரம் வெடித்தது. பட்டன் கால்வாசி கூடத் தேயவில்லை, சைடுதான் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது, அந்த விளிம்பை நகத்தால் கீறினால் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்கிறது. தாரையெல்லாம் இறக்கி ரோட்டோரத்தில் சருகு விரித்து அடுக்கி, ஸ்டெப்னி மாற்றி, திரும்ப ஏற்றிக்கொண்டு போனால், காய் நசுங்கியிருக்கிறது என்று வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். மிச்சம் பிடித்த 800 ரூபாயைப் போல் பல மடங்கு அன்றைக்கு ஒரே நாளில் போனது.

வெடித்த டயரைத் தூக்கிக்கொண்டு வள்ளியூரில் இன்னொரு கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் டயரைத் திருப்பி ஒரு இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டி, “தேதியப் பாத்தியளா அண்ணாச்சி?” என்றார். டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கு எண், 2119. 2019ஆம் வருடம் 21ஆவது வாரம் தயாரானது. நான் வாங்கும்போதே அதற்கு நாலரை வயது! ஓடாமல் வெயில் படும் இடத்தில் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுதாக இருக்கும், அதனால் மறுபக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு அவர் கொடுத்தது 1024, அப்போது மூன்று மாதம்கூட ஆகாத டயர்.

கம்பெனி எதுவென்று நான் ரொம்பக் குழம்பவில்லை. எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே எல்லாரும் இந்த 145 ஆர் 12 சைஸ் போடுகிறார்கள். சைடில் டயரின் உறுதியைக் காட்டும் 8பிஆர் (8PR) என்றும், தாங்கும் எடையைக் காட்டும் 86 என்றும் இருக்கிறதா என்று பார்த்தேன். 86 என்றால் சரியான காற்றில் ஒரு டயர் 530 கிலோ தாங்கும், பின்னால் இரண்டும் சேர்த்து 1,060 கிலோ. இதில் வண்டியின் பின்பாகத்துச் சொந்த எடையும் அடக்கம், பலரும் இதை மறந்துவிட்டு லோடு கணக்கை மட்டும் போடுகிறார்கள்.

“வண்டி வயலுக்குள்ள இறங்குமா, இல்ல ரோட்டுலதான் ஓட்டுவியளா?” என்று அடுத்த கேள்வி. இரண்டும் உண்டு என்றேன். முன்னால் ரிப், பின்னால் லக் போடச் சொன்னார். ரிப் என்பது நீளவாட்டில் கோடு போனது, ஸ்டியரிங் நேராகப் பிடிக்கும். லக் என்பது குறுக்கே கட்டை கட்டையாக இருப்பது, மழைக்காலத்து வரப்புச் சேற்றில் பிடிமானம் அதில்தான், ஐப்பசி மழையில் ஒரு தடவைகூட வண்டி சிக்கவில்லை. ஆனால் நாலுவழிச்சாலையில் உய்யென்று ஒரு இரைச்சல் வரும். இடுக்கில் சிக்கும் சல்லியை வாரம் ஒருமுறை குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும், விட்டால் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு லக் வேண்டாம், நான்கும் ரிப் போதும்.

டியூப்லெஸ்தான் எடுத்தேன். எங்கள் பக்கத்து உடைமுள் தெரியும்தானே, செருப்பையே துளைத்துவிடும். இதுவரை நான்கு முறை முள் ஏறியிருக்கிறது, நான்கு முறையும் முள்ளைப் பிடுங்காமல் மெதுவாகப் பஞ்சர் கடை வரை ஓட்டிப் போய்விட்டேன், டியூப் டயராக இருந்தால் வயலிலேயே உட்கார்ந்திருக்கும்.

ரீபட்டன், அதாவது தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டுவது, அதைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். பட்டன் புதிதாகும், சைடு பழையதேதான் என்றார். என் டயர் வெடித்ததே சைடில்தான் என்பதால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

காற்றை மட்டும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், டயர் சூடாகாதபோது பார்க்கிறேன். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் அதிகம், ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட். எட்டாவது மாதம் முன் இடது டயர் உள்ஓரம் தேய்கிறதென்று அதே கடைக்குப் போய் அலைன்மென்ட் பார்த்தேன், அப்புறம் சரியாகிவிட்டது. பட்டனின் பள்ளத்துக்குள் மேடாக ஒரு ரப்பர் குறி இருக்கும், பட்டன் அந்த மட்டத்துக்கு, அதாவது 1.6 மில்லிமீட்டருக்கு, தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். எனக்கு முன்னால் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, பின்னால் பாதிக்குக் கொஞ்சம் கீழே.

அந்த வள்ளியூர்க் கடையில் ஒரே குறை, அலைன்மென்ட் மெஷின் ஒன்றுதான், காலை பத்து மணிக்கு மேல் போனால் இரண்டு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. எட்டரைக்கே போய்விடுங்கள்.