பழைய மசி பேர்கசன் 135: வன்னி வயலுக்கு இன்னும் ஏற்றதுதானா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பழைய நாலு சில்லு உழவு இயந்திரம் தேடுபவர்கள், நல்ல நிலையில் ஒரு இங்கிலாந்து மசி 135 கிடைத்தால் துணிந்து வாங்கலாம். புது இயந்திரத்தின் சொகுசு இதில் இல்லை. ஆனால் கழற்றிப் பூட்ட இதைவிட இலகுவானது வேறில்லை.

1964இல் அறிமுகமான இது கொவென்றி நகரின் பானர் லேன் ஆலையில் பூட்டப்பட்டது. போர்க்காலத்தில் விமான இஞ்சின் செய்த ஆலை அது. 1946இலிருந்து அங்கே உழவு இயந்திரம் செய்தார்கள். இந்த இயந்திரம் தனித்தனிப் பகுதிகளின் கூட்டுத்தான். மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் இஞ்சின் பீற்றர்பரோவில் இருந்து வந்தது. அடிச்சட்டம் கிடையாது, இஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு மூன்றும் நேராகப் பூட்டியவை. கிளச் மாற்ற, இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நடுவில் பிரித்தால் போதும்.

ஆணிகள் அங்குல அளவு. அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீற்றர், 13 சாவி போட்டு இறுக்கினால் தலை உருண்டுவிடும். அங்குலச் சாவி செற் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

வன்னியில் இதைக் கெடுப்பது சேறு. முதலில் பிரேக்கைப் பாருங்கள். பின் சில்லைத் தூக்கி ட்ரம்மைக் கழற்றுங்கள். உள்ளே ஒயில் ஈரம் இருந்தால் அச்சுச் சீல் போய்விட்டது. ஒயில் குடித்த லைனரைக் கழுவிப் பயனில்லை, இரு பக்கமும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் குளக்கட்டால் நெல் மூட்டையோடு வரும்போது ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுக்கும், ஆபத்தான விஷயம்.

அடுத்தது ஒயில். கியர், பின் அச்சு, ஹைட்ரோலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில்தான், சுமார் 32 லீற்றர். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹைட்ரோலிக் பம்ப் அதற்குள்ளேயே மூழ்கியிருப்பதால் வால்வு இறுகி, கலப்பை தூக்காது. முழுவதையும் வடித்துத்தான் ஊற்ற வேண்டும், மேலால் நிரப்பக் கூடாது.

டீசல் முடிந்து நின்றால் பில்டரில் தொடங்கி, டீசல் பம்ப், கடைசியாக இன்ஜெக்டர் குழாய் என்று இதே வரிசையில் காற்றை எடுங்கள்.

பாட்ஸ் கிடைப்பதில் பிரச்சினை குறைவு. இந்தியாவின் டாபே இயந்திரங்களும் இதே வம்சம். ஆனால் கடைக்குப் போகும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.