தடுப்பூசியால் தோள்பட்டைக் காயம்: அமெரிக்காவில் இழப்பீட்டுக்கு எந்த வழி?

தடுப்பூசி போட்ட தோள் மாதக்கணக்கில் தூக்க முடியாமல் வலித்தால், அமெரிக்காவில் இழப்பீடு கேட்க மூன்று வழிகள்: விஐசிபி (வழக்கமான தடுப்பூசிகளுக்கான அரசு இழப்பீட்டுத் திட்டம்), சிஐசிபி (பெருந்தொற்று போன்ற அவசரகாலத் தடுப்பூசி, மருந்துகளுக்கான அரசு இழப்பீட்டுத் திட்டம்), மாநில நீதிமன்றம். எந்த வழி என்பதைப் போட்ட ஊசிதான் முடிவு செய்கிறது.

ஃப்ளூ, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி என்றால் விஐசிபி. மூன்றில் இதுவே மேல். வலி வேதனைக்கு 2,50,000 டாலர் வரை கிடைக்கும். மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் தனி. நியாயமான அடிப்படையோடு தொடுத்த வழக்கு தோற்றாலும் வழக்கறிஞர் கட்டணத்தைத் திட்டமே தரும். உங்கள் தொகையில் அவர் பங்கு கேட்க முடியாது. முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

2017 மார்ச் முதல் தடுப்பூசியால் வரும் தோள்பட்டைக் காயம் விஐசிபி அட்டவணையில், அதாவது திட்டம் ஏற்கும் காயங்களின் பட்டியலில், இருக்கிறது. அதன்படி வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அதே தோளில் முன்பு வலியோ வீக்கமோ இருந்திருக்கக் கூடாது. வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும்; நரம்புக் கோளாறு போன்ற வேறு காரணமும் இருக்கக் கூடாது. பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் தங்கி அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும்.

பல வழக்குகள் சறுக்குவது அந்த 48 மணி நேரத்தில்தான். ஊசி வலி தானாகப் போய்விடும் என்று மூன்று மாதம் பொறுத்துவிட்டு, மருத்துவரிடம் "கொஞ்ச நாளா வலிக்குது" என்று மட்டும் சொன்னால் அதுவே பதிவாகும். எந்த ஊசி, எந்தக் கை, வலி தொடங்கிய நாள், மூன்றையும் முதல் சந்திப்பிலேயே சொல்லி எழுதச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ கட்டாயமில்லை, இருந்தால் பலம்.

கோவிட் ஊசிக்கு சிஐசிபி. ஊசி போட்ட நாளிலிருந்து 1 ஆண்டுதான் கெடு. வலி வேதனைக்குக் காசில்லை, வழக்கறிஞர் செலவு உங்களுடையது, காப்பீடு தராத மிச்சத்தை மட்டுமே தரும். சம்பள இழப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் உச்சவரம்பு. மறுத்தால் 60 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். நீதிமன்றம் போக முடியாது. பாதிக்கப்பட்டவருக்கு இது அநியாயம் என்பதே எங்கள் கருத்து.

ஷிங்கிள்ஸ் (அக்கி) ஊசியும் நியூமோவாக்ஸ் 23 என்ற நிமோனியா தடுப்பூசியும் இரண்டு திட்டத்திலும் இல்லை. இவற்றுக்கு மாநில நீதிமன்றம்தான். அங்கே, ஊசி போட்டவர் தோளில் மிக மேலே குத்தியது போன்ற கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும். கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஃப்ளூவும் கோவிடும் ஒரே நாளில் போட்டிருந்தால் எது எந்தக் கையில் என்பதே வழக்கு. மருந்தகத்தின் ஊசிப் பதிவை உடனே வாங்குங்கள். கை தவறாக எழுதியிருந்தால் திருத்தக் கேளுங்கள்.